அமெரிக்கன் லிட்டரேச்சர் மூவ்மென்ட்ஸ்: குழம்பாம படிக்க ஒரு முழு வழிகாட்டி

எம்.ஏ. இங்கிலீஷ் படிக்கிறவங்க, நெட், செட், டிஆர்பினு ஏதோ ஒரு எக்ஸாமுக்கு உக்காந்திருக்கவங்க, எல்லாரும் அமெரிக்கன் லிட்டரேச்சர்ல ஒரே எடத்துல தான் மாட்டுறாங்க. ஆத்தர் பேரு தெரியும், புக்கு பேரு தெரியும், ஆனா ரியலிசத்துக்கும் நேச்சுரலிசத்துக்கும் என்னங்க வித்தியாசம்னு கேட்டா வாய் குழறும். எனக்கும் அதே கதி தான், மொத இன்டர்னல்ல இந்த கேள்விக்கு ஒரே பாராவ வார்த்தைய முன்ன பின்ன மாத்தி ரெண்டு தடவ எழுதி வச்சிட்டு வந்தேன், 10க்கு 3 மார்க். அந்த 3 கூட கையெழுத்துக்கு போட்டதா தான் இருக்கும்.

அப்ப நான் படிச்சது கைடு புக்குல இருந்த டேபிள். இந்த வருஷத்துல இருந்து இந்த வருஷம் வரைக்கும் இது, அடுத்த கட்டத்துல அது. எனக்கு தெளிஞ்சது எப்பன்னா, இவங்க எல்லாரும் ஒருத்தருக்கொருத்தர் பதில் சொல்லிக்கிட்டு, சில நேரம் பேர் சொல்லியே திட்டிக்கிட்டு இருந்தாங்கனு புரிஞ்சப்ப தான். சண்டைய ஞாபகம் வச்சிக்கிறது ஈசி, டேபிள ஞாபகம் வச்சிக்கிறது கஷ்டம். கீழ இருக்கிறதும் அந்த வழி தான்.

படி 1: ஆணி அடிங்க, மூணு கேள்விய எழுதி வைங்க

1630, 1776, 1861–65, 1914–18, 1945. இந்த அஞ்சும் ஆணி. இங்கிலாந்து சர்ச்ச சுத்தப்படுத்தணும்னு நின்ன ப்யூரிட்டன் கூட்டம் ஜான் வின்த்ராப் தலைமையில கப்பல்ல மாசசூசெட்ஸ் வந்தது, சுதந்திரம், உள்நாட்டுப் போர், முதல் உலகப் போர், ரெண்டாவது உலகப் போர் முடிஞ்சது. மத்த எல்லா தேதியையும் இதுல எதுக்கு முன்னாடி, எதுக்கு பின்னாடினு மாட்டிக்கலாம். (சிலபஸ் கப்பல்ல இருந்து தான் ஆரம்பிக்கும், ஆனா அந்த மண்ணுல பூர்வகுடிகள் அதுக்கு ரொம்ப காலம் முன்னாடியே கதையும் பாட்டும் வாய்மொழியா சொல்லிக்கிட்டு இருந்தாங்க, அத மறந்துடாதீங்க.)

அப்புறம் எந்த மூவ்மென்ட் வந்தாலும் மூணே கேள்வி: இவங்க யார்கூட சண்டை போடுறாங்க? இந்த பேர யாரு வச்சா, எப்ப வச்சா? ஒரே ஒரு பக்கத்த காட்டி இத புரிய வைக்கணும்னா எந்த பக்கம்?

படி 2: ப்யூரிட்டன்கள வேகமா தாண்டுங்க, ஒரே ஒரு கவிதைக்கு மட்டும் நில்லுங்க

இங்க தெரிய வேண்டிய டெர்ம் ரெண்டு. ஒண்ணு ப்ளெயின் ஸ்டைல், அலங்காரம் வேணாம், எழுத்து கடவுளுக்கு, பகட்டுக்கு கிடையாதுங்கற நடை. இன்னொண்ணு ஜெரமையாட், பைபிள்ல எரேமியா புலம்புறாரே அதுல இருந்து வந்த பேரு, நாம கெட்டுப் போயிட்டோம், கடவுள் தண்டிக்கப் போறாரு, திருந்துங்கங்கற பிரசங்கம். 1741ல ஜொனாதன் எட்வர்ட்ஸ் என்ஃபீல்டுல பேசினது தான் இந்த மாதிரி பயமுறுத்தல்ல எல்லாரும் சொல்ற உதாரணம், நெருப்புக்கு மேல ஒரு பூச்சிய தூக்கிப் பிடிச்ச மாதிரி கடவுள் உன்ன நரகத்துக்கு மேல பிடிச்சிருக்காருனு சொல்லுவாரு.

நில்லுங்கனு சொன்ன கவிதை ஆன் பிராட்ஸ்ட்ரீட்டோடது. 1666 ஜூலை 10 ராத்திரி அவங்க வீடு எரிஞ்சு போச்சு. அப்புறம் அந்த இடிபாட்டு பக்கமா போகும்போது இங்க தான் பெட்டி இருந்துச்சு, இங்க தான் உக்காருவேன், இனிமே இந்த மேசைல விருந்தாளி சாப்பிட மாட்டாங்கனு ஒவ்வொண்ணா பாத்துட்டே வர்றாங்க, திடீர்னு தன்னைத்தானே அதட்டிக்கிறாங்க, எல்லாம் மாயைனு. அந்த அதட்டல் தான் ப்யூரிட்டனிசம். மனசு பெட்டிகிட்டயே நிக்குது, வாய் மட்டும் சரியானத சொல்லுது. அஞ்சு பக்க நோட்ஸ் எழுதினாலும் இத விட தெளிவா வராது.

1776 பக்கம் வந்தா எல்லாம் அரசியல் எழுத்து தான், தாமஸ் பெயினோட காமன் சென்ஸ், ஃப்ராங்க்ளினோட சுயசரிதை, கடவுள் பயம் போயி பகுத்தறிவு வந்த காலம். கூடவே ஃபிலிஸ் வீட்லி. ஏழெட்டு வயசுல அடிமையா பாஸ்டனுக்கு கொண்டு வரப்பட்டு, எந்த கப்பல்ல வந்தாங்களோ அந்த கப்பல் பேரையே பேரா வாங்கினவங்க, 1773ல லண்டன்ல கவிதை புக்கு போட்டாங்க.

படி 3: 1836ல இருந்து 1861 வரைக்கும் நிதானமா நடங்க

இது தான் மெயின் சாப்பாடு. எமர்சன் பாஸ்டன்ல பாதிரியாரா இருந்தவரு, சடங்குல நம்பிக்கை இல்லனு 1832ல வேலைய விட்டாரு, 1836ல நேச்சர்னு சின்ன புக்கு போட்டாரு, 1838ல ஹார்வர்டு இறையியல் மாணவர்கள்கிட்ட போயி உங்க சர்ச் உயிரில்லாம கிடக்குனு பேசிட்டு வந்தாரு. அதுக்கப்புறம் கிட்டத்தட்ட 30 வருஷம் ஹார்வர்டுல அவர பேச கூப்பிடவே இல்ல. டிரான்சென்டென்டலிசம்னா என்னனு டெஃபனிஷன் மனப்பாடம் பண்றதுக்கு பதிலா இந்த சண்டைய ஞாபகம் வச்சிக்கோங்க. கடவுள தெரிஞ்சிக்க சர்ச்சும் வேணாம் சாட்சியும் வேணாம், ஒவ்வொரு ஆளுக்குள்ளயும் நேரா உணர்ற சக்தி இருக்கு, இயற்கைல போயி நின்னா அது பேசும், அவ்வளவு தான்.

எமர்சன் சொன்னத தோரோ செஞ்சு பாத்தாரு. 1845 ஜூலை 4ம் தேதி வால்டன் குளத்தங்கரைல குடிசைக்கு போனாரு, ரெண்டு வருஷம் ரெண்டு மாசம் ரெண்டு நாள் இருந்தாரு. குடிசைக்கு ஆன செலவு 28 டாலர் 12½ சென்ட், ஆணிக்கு எவ்வளவு, சுண்ணாம்புக்கு எவ்வளவுனு லிஸ்ட்டே வால்டன்ங்கற அவரு புக்குல இருக்கு. ஆன்மீகம் பேசுற ஆளு அரை சென்ட்டுக்கு கணக்கு எழுதுறாரு பாருங்க, எனக்கு அவர பிடிச்சுப் போனதே அங்க தான்.

நம்ம ஊருக்கும் இதுல ஒரு நிஜமான தொடர்பு இருக்கு. அந்த குளத்துல குளிர்காலத்துல ஐஸ் வெட்டி கப்பல்ல ஏத்துவாங்க, ஃப்ரெடெரிக் ட்யூடர்ங்கறவரோட வியாபாரம். அத பாத்துட்டு தோரோ, மெட்ராஸ், பம்பாய், கல்கத்தால இருக்கிறவங்க எல்லாம் என் கிணத்துல தண்ணி குடிக்கிறாங்கனு எழுதினாரு, அதே பக்கத்துல தான் காலைல பகவத் கீதை படிச்சதையும் சொல்றாரு. மெரினா எதிர்ல இருக்கிற ஐஸ் ஹவுஸ், இப்ப விவேகானந்தர் இல்லம்னு சொல்றோமே, அது ட்யூடர் கம்பெனி 1842ல அமெரிக்க ஐஸ் வைக்க கட்டின கட்டடம். இதே தோரோ வரி கட்ட மாட்டேன்னு ஒரு ராத்திரி ஜெயில்ல இருந்துட்டு எழுதின கட்டுரைய பத்தி காந்தி தென்னாப்பிரிக்கால இருந்தப்ப தன் பத்திரிகைல எழுதியிருக்காரு.

இப்ப எதிர் கட்சி. மனுசன் உள்ளுக்குள்ள நல்லவன்னு எமர்சன் சொன்னா, கதை எழுதுற ஹாத்தார்ன் ஒத்துக்கல. அவரு தாத்தா வழில ஒருத்தரு மாசசூசெட்ஸ்ல இருக்கிற சேலம் ஊர்ல (நம்ம சேலம் இல்ல) நடந்த சூனியக்காரி விசாரணைல நீதிபதியா இருந்தவரு, அந்த ரத்தம் தன் மேலயும் இருக்குனு நினைச்சவரு. ப்ரூக் ஃபார்ம்னு இந்த கூட்டம் ஆரம்பிச்ச கூட்டுப் பண்ணைல 1841ல சேந்து சில மாசம் சாணி அள்ளிப் பாத்துட்டு வெளிய வந்து, பின்னாடி அத வச்சே ஒரு நாவல் எழுதி கிண்டலடிச்சாரு. எட்கர் ஆலன் போ இன்னும் மோசம், பாஸ்டன்காரங்களுக்கு தவளைக்குளத்துக்காரங்கனே பேரு வச்சாரு. மெல்வில் 1851ல மோபி டிக்க ஹாத்தார்னுக்கு சமர்ப்பணம் பண்ணினாரு, புக்கு படுத்துருச்சு, செத்து முப்பது வருஷம் கழிச்சு தான் உலகம் திரும்பிப் பாத்துச்சு. மனுசனோட இருட்டுப் பக்கத்த எழுதின இந்த மூணு பேரையும் டார்க் ரொமான்டிசிசம்னு சொல்லுவாங்க. ஹாத்தார்ன் தன் கதைய ரொமான்ஸ்னு சொன்னா லவ் ஸ்டோரினு நினைச்சிடாதீங்க, நாவல் மாதிரி அன்றாட வாழ்க்கைக்கு கட்டுப்படாம கற்பனைக்கு கொஞ்சம் இடம் விட்ட கதைனு அர்த்தம்.

ரெண்டாவது கேள்விய மறந்துடாதீங்க, பேரு யாரு வச்சா? இந்த காலத்துக்கு அமெரிக்கன் ரெனேசான்ஸ்னு பேரு வந்ததே 1941ல எஃப்.ஓ. மேத்தீசன் எழுதின புக்கால தான். எமர்சன், தோரோ, ஹாத்தார்ன், மெல்வில், விட்மன்னு அஞ்சு பேரு. அஞ்சும் வெள்ளைக்கார ஆம்பளைங்க. அதே வருஷங்கள்ல ஃப்ரெடெரிக் டக்ளஸ் தன் அடிமை வாழ்க்கைய 1845ல எழுதிட்டாரு, ஹேரியட் ஜேக்கப்ஸ் 1861ல வேற பேர்ல எழுதினாங்க. அவங்க முதலாளிகிட்ட இருந்து தப்பிச்சு பாட்டி வீட்டு மேல ஒரு பொந்துல கிட்டத்தட்ட ஏழு வருஷம் ஒளிஞ்சிருந்தாங்க, 9 அடி நீளம், 7 அடி அகலம், உசரமான எடத்துலயே 3 அடி தான், நிமிந்து உக்காரவே முடியாது. இந்த வகைக்கு ஸ்லேவ் நரேட்டிவ்னு பேரு. தோரோவோட குடிசையையும் இந்த பொந்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒரு பதில் எழுதிப் பாருங்க.

படி 4: விட்மன், டிக்கின்சன், நாலு டெர்ம்

ஃப்ரீ வெர்ஸ், பிளாங்க் வெர்ஸ் ரெண்டையும் பாதி பேரு குழப்பிக்கிறாங்க. பிளாங்க் வெர்ஸ்ல சந்தம் இருக்கும், ரைம் மட்டும் இருக்காது. ஃப்ரீ வெர்ஸ்ல கட்டாய சந்தமும் இல்ல, ரைமும் இல்ல. விட்மன் 1855ல தன் சொந்த செலவுல 12 கவிதைய போட்டு லீவ்ஸ் ஆஃப் கிராஸ்னு வெளியிட்டு, சாகுற வரைக்கும் அதே புக்க பெருசாக்கிட்டே இருந்தாரு. தச்சன், படகோட்டி, தாய், திருடன்னு அடுக்கிட்டே போவாரு, அதுக்கு கேட்டலாக்னு பேரு. நம்ம பாரதியே விட்மன பத்தி எழுதியிருக்காரு, பாட்டு வசன நடை மாதிரி இருக்கும், எதுகை மோனை தளை எதுவும் கிடையாதுனு. ஃப்ரீ வெர்ஸுக்கு இத விட நல்ல தமிழ் விளக்கம் எனக்கு கிடைக்கல.

டிக்கின்சன் நேரெதிர். சர்ச் பாட்டு மெட்டுல குட்டிக் குட்டியா எழுதினவங்க, கிட்டத்தட்ட 1,800 கவிதை, உயிரோட இருந்தப்ப அச்சானது பத்து சொச்சம். அவங்கள வச்சு ஸ்லான்ட் ரைம் கத்துக்கலாம், சோல்னு முடிச்சிட்டு அடுத்து ஆல்னு முடிப்பாங்க, ஓசை கிட்ட வந்துட்டு ஒட்டாம நிக்கும்.

படி 5: ரியலிசம், நேச்சுரலிசம் (அந்த 10க்கு 3 கேள்வி)

1861–65 போர்ல ஆறு லட்சத்துக்கு மேல செத்தாங்க. அதுக்கப்புறம் வீரசாகசக் கதைய யாரு நம்புவா? மார்க் ட்வெய்ன் 1895ல ஃபெனிமோர் கூப்பர்ங்கற பழைய ரொமான்டிக் நாவலாசிரியர கிழிச்சுத் தொங்கவிட்டு ஒரு கட்டுரை எழுதினாரு, முக்கால் பக்கம் கூட வராத எடத்துல இலக்கியத்துக்கு எதிரா பண்ணக்கூடிய 115 குத்தத்துல 114ஐ பண்ணிட்டாருனு. வாழ்க்கைய உள்ளது உள்ளபடி எழுதணும்ங்கற ரியலிசத்தோட சண்டை யார்கூடனு இனிமே யாரும் சொல்லித் தர வேணாம்.

ரியலிசத்துக்கு ஒரு பக்கம்: ட்வெய்னோட ஹக்கில்பெரி ஃபின் நாவல்ல 31வது அத்தியாயம். ஜிம் ஓடிப்போன அடிமை, அவன காட்டிக் குடுத்து லெட்டர் எழுதுறான் ஹக், எழுதினதும் மனசு லேசாகுது, அப்புறம் ஆத்துல ரெண்டு பேரும் ஒண்ணா வந்தது, ஜிம் தனக்காக முழிச்சிருந்ததுனு ஒவ்வொண்ணா ஞாபகம் வருது, அடிமைக்கு உதவுறது பாவம்னு கேட்டு வளந்தவன், சரி நரகத்துக்கே போறேன்னு லெட்டர கிழிச்சுப் போடுறான்.

நேச்சுரலிசத்துக்கு ஒரு பக்கம்: ஜாக் லண்டனோட டு பில்ட் எ ஃபயர், 1908ல வந்த வடிவம். யூகான் பனில ஒருத்தன் நாயோட நடந்து போறான், அவனுக்கு பேரு கூட கிடையாது. குளிர் மைனஸ் 75 ஃபாரன்ஹீட், நம்ம கணக்குல மைனஸ் 59. துப்பின எச்சி தரைல விழுறதுக்குள்ள காத்துலயே வெடிக்குது. தனியா போகாதனு ஒரு பெரியவரு சொன்னத கேக்கல. கால் நனைஞ்சு போச்சு, நெருப்பு மூட்டுறான், நல்லா பத்திக்குது, ஆனா மரத்தடில மூட்டிட்டான், சுள்ளி இழுக்க இழுக்க மேல கிளைல இருந்த பனி கொஞ்சம் கொஞ்சமா அசைஞ்சு மொத்தமா நெருப்பு மேல விழுந்து அணைஞ்சு போகுது. அப்புறம் விரல் மரத்துப் போச்சு, 70 தீக்குச்சியையும் ரெண்டு உள்ளங்கைக்கு நடுவுல வச்சு ஒரே தடவைல கொளுத்துறான், அதுவும் வேலைக்கு ஆகல. கடைசில அவன் செத்துப் போறான், நாய் கேம்ப் இருக்கிற திசைல நடையக் கட்டுது.

இப்ப வித்தியாசம் தெரியுதா? ஹக் எடுத்த முடிவுக்கு கதைல வெயிட் இருக்கு, அவன் லெட்டர கிழிச்சா கதை திரும்புது. யூகான்ல அவன் என்ன முடிவெடுத்தாலும் குளிருக்கு அதப்பத்தி கவலையே இல்ல. டார்வின், அப்புறம் பிரான்ஸ்ல சோலா, இவங்க தாக்கத்துல வந்தது இது, மனுசன பரம்பரையும் சூழ்நிலையும் தள்ளிட்டுப் போற ஒரு ஜந்துவா பாக்குறது, அதுக்கு டிடர்மினிசம்னு பேரு. ஸ்டீஃபன் கிரேனோட தி ஓப்பன் போட்ல கூட படகுல வந்த நாலு பேர்ல சாகுறது நல்ல தெம்பா இருந்தவன் தான், அடிபட்ட கேப்டன் பொழச்சிக்கிறாரு.

லோக்கல் கலர்னா ஒரு ஊரோட பேச்சு, பழக்கம், நிலம்னு அத அப்படியே பிடிச்சு வைக்கிறது, சாரா ஆர்ன் ஜூவெட், பிரெட் ஹார்ட்னு ரெண்டு பேர் போதும். போருக்கு அப்புறம் வெளிய மட்டும் பணம் மின்னின அந்த காலத்துக்கு கில்டட் ஏஜ்ங்கற பேரு 1873ல ட்வெய்னும் சார்லஸ் வார்னரும் சேந்து எழுதின நாவல்ல இருந்து வந்தது, தங்கம் இல்ல, தங்க முலாம்.

படி 6: மாடர்னிசம்

பழைய வடிவத்த உடைச்சு புது மாதிரி எழுதணும்னு வந்தவங்க இவங்க, ஆனா ஒரே கட்சினு நினைச்சு படிச்சா மண்டை காயும், உள்ளுக்குள்ளயே அடிச்சிக்கிட்டவங்க. இமேஜிசத்துல இருந்து ஆரம்பிங்க, விளக்கம் இல்லாம ஒரு தெளிவான படத்த மட்டும் சுருக்கமா காட்டுற கவிதை. எஸ்ரா பவுண்ட் பாரிஸ் மெட்ரோ ஸ்டேஷன்ல பாத்த முகங்கள பத்தி 30 வரி எழுதி, வேணாம்னு தூக்கிப் போட்டு, வெட்டி வெட்டி கடைசில ரெண்டே வரி, 14 வார்த்தைல நிறுத்தினாரு. கூட்டத்துல முகங்கள், ஈரமான கருப்புக் கிளைல பூவிதழ், அவ்வளவு தான், வினைச்சொல்லே கிடையாது. 1913ல சிகாகோல வந்த போயட்ரி பத்திரிகைல வந்துச்சு.

1922ல டி.எஸ். எலியட்டோட தி வேஸ்ட் லேண்ட்ங்கற நீளக் கவிதை, பவுண்ட் கை வச்சு சுருக்கினது, உபநிஷத்துல போயி சாந்தி சாந்தி சாந்தினு முடியும். எல்லாரும் கொண்டாடினப்ப வில்லியம் கார்லோஸ் வில்லியம்ஸ் மட்டும் கடுப்பானாரு, எங்க உலகத்துல அணுகுண்டு விழுந்த மாதிரி ஆச்சு, கவிதைய திரும்ப கிளாஸ் ரூமுக்கு கொண்டு போயிட்டாருனு பின்னாடி எழுதினாரு. உள்ளூர் மண்ணு, உள்ளூர் பேச்சுனு நின்ன டாக்டர் அவரு.

ஹெமிங்வே சொன்ன ஐஸ்பெர்க் தியரி, எட்டுல ஒரு பங்கு தான் தண்ணிக்கு மேல. அத காட்ட ஹில்ஸ் லைக் வைட் எலிஃபன்ட்ஸ் போதும், ரயிலுக்கு காத்திருக்கிற ஒரு ஜோடி கருக்கலைப்ப பத்தியே பேசுறாங்க, அந்த வார்த்தை கதைல ஒரு எடத்துல கூட வராது. லாஸ்ட் ஜெனரேஷன், அதாவது முதல் உலகப் போர்ல திசை தொலைஞ்ச தலைமுறைங்கறது, கெர்ட்ரூட் ஸ்டெயின் சொன்னதா ஹெமிங்வே தன் 1926 நாவல் முகப்புல போட்டது. மனசுல ஓடுறத ஓடுற மாதிரியே எழுதுறதுக்கு சொல்ற ஸ்ட்ரீம் ஆஃப் கான்ஷியஸ்னெஸ் இலக்கிய வார்த்தையே இல்ல, 1890ல சைக்காலஜி புக்குல வில்லியம் ஜேம்ஸ் பிரபலமாக்கினது, நாவலாசிரியர் ஹென்றி ஜேம்ஸோட அண்ணன். அத ஃபாக்னர்ல பாக்கணும்னா தி சவுண்ட் அண்ட் தி ஃப்யூரி முதல் பகுதி, முதல் தடவ புரியலன்னா பயப்படாதீங்க, யாருக்கும் புரியாது.

படி 7: ஹார்லம் ரெனேசான்ஸ தனியா ஒரு நாள் வச்சுப் படிங்க

கைடுகள்ல இத மாடர்னிசத்துக்கு கீழ நாலு வரில முடிச்சிடுவாங்க. எனக்கு இது சிலபஸ்லயே சூடான சண்டை. தெற்குல இருந்து லட்சக்கணக்கான கருப்பின மக்கள் வடக்கு நகரங்களுக்கு வந்தாங்க, நியூயார்க்ல ஹார்லம் பகுதி நிரம்புச்சு, அங்க கருப்பின எழுத்தும் கலையும் பொங்கினது தான் இந்த ரெனேசான்ஸ், 1925ல ஆலன் லாக் தி நியூ நீக்ரோங்கற தொகுப்ப கொண்டு வந்தாரு. 1926ல தி நேஷன் பத்திரிகைல ஜார்ஜ் ஷைலர் கருப்பினக் கலைனு தனியா ஒண்ணும் கிடையாது, எல்லாம் சும்மானு எழுதினாரு. அடுத்த வாரமே அதே பத்திரிகைல லாங்ஸ்டன் ஹியூஸ் பதில் குடுத்தாரு, நான் கவிஞன், நீக்ரோ கவிஞன் இல்லனு சொன்ன ஒரு இளைஞர வச்சு ஆரம்பிச்சு, ஜாஸ், ப்ளூஸ், நம்ம தெருப் பேச்சு இதுல வெக்கப்பட என்ன இருக்குனு கேட்டாரு. அந்த ரெண்டு கட்டுரையையும் ஒரே உக்காரல படிச்சிடலாம்.

1937ல ஸோரா நீல் ஹர்ஸ்டன் ஃப்ளோரிடா கிராமத்து பேச்சுலயே தெயர் ஐஸ் வேர் வாட்ச்சிங் காட்னு ஒரு காதல் நாவல் எழுதினாங்க, ரிச்சர்ட் ரைட் அத வெள்ளைக்காரங்கள சிரிக்க வைக்கிற எழுத்துங்கற மாதிரி மட்டம் தட்டினாரு. ஹர்ஸ்டன் 1960ல காசில்லாம செத்து, பேரில்லாத குழில புதைஞ்சாங்க. 1973ல ஆலிஸ் வாக்கர் களை மண்டிக் கிடந்த இடுகாட்டுல தேடிப் போயி கல்லு வச்சாங்க. ஒருத்தர் சிலபஸுக்குள்ள எப்படி வர்றாங்கங்கறதுக்கு அந்தக் கல்லு ஒண்ணு போதும்.

படி 8: 1945க்கு அப்புறம் பேருங்க கூட்டமா வரும், ஜோடி போட்டுக்கோங்க

நியூ கிரிட்டிசிசம், கன்ஃபெஷனல் கவிதை ஒரு ஜோடி. கவிஞரோட வாழ்க்கைய பாக்காத, பக்கத்துல அச்சாகியிருக்கிற வார்த்தைய மட்டும் பாருனு வாத்தியாருங்க சொல்லிக்கிட்டிருந்தப்ப, ராபர்ட் லோவெல் 1959ல தன் குடும்பம், மனநோய், ஆஸ்பத்திரி எல்லாத்தையும் கவிதைல கொட்டினாரு, விமர்சகர் எம்.எல். ரோசென்தால் அதுக்கு வச்ச பேரு தான் கன்ஃபெஷனல். சில்வியா பிளாத், ஆன் செக்ஸ்டன் இந்த பக்கம். கட்டுப்பாட்ட மீறி எழுதின பீட் கூட்டமும் அதே காலேஜ் ஒழுங்குக்கு எதிர் தான், 1955 அக்டோபர் 7ல சான் ஃபிரான்சிஸ்கோல ஆலன் கின்ஸ்பர்க் ஹவுல்ங்கற கவிதைய வாசிச்சாரு, 1957ல புக்கு மேல ஆபாச கேஸ், கோர்ட்டு ஆபாசம் இல்லனு சொல்லிருச்சு. நீளநீளமா மூச்சு முட்ட போற அந்த வரிக்கு தாத்தா யாருன்னா விட்மன்.

போஸ்ட்மாடர்னிசத்துக்கு கர்ட் வானெகட்டோட ஸ்லாட்டர்ஹவுஸ்-ஃபைவ்ங்கற 1969 நாவல் மொத அத்தியாயம் போதும். ரெண்டாவது உலகப் போர்ல ஜெர்மனியோட டிரெஸ்டன் நகரத்து மேல நடந்த குண்டுவீச்சுல கசாப்புக் கூடத்துக்கு அடில கைதியா இருந்து தப்பிச்சவரு, இந்த புக்க எழுத எத்தன வருஷம் திணறினேன்னு புக்குக்குள்ளயே வந்து சொல்றாரு. கதை தன்னை கதைனு காட்டிக்கிட்டா மெட்டாஃபிக்ஷன்.

ஸ்லேவ் நரேட்டிவுக்கு ஜோடி டோனி மோரிசன். டக்ளஸ், ஜேக்கப்ஸ் எல்லாம் வெள்ளை வாசகர் முகம் சுளிக்கக் கூடாதுனு கொடுமைகள்ல பாதிய திரை போட்டு மூடித்தான் எழுத முடிஞ்சுது, அந்த திரைய விலக்குறது தான் என் வேலைனு மோரிசன் சொன்னாங்க, 1987ல பிலவ்ட் வந்துச்சு. நேட்டிவ் அமெரிக்கன் ரெனேசான்ஸ்க்கு ஸ்காட் மோமடேயோட 1968 நாவல், ஏசியன் அமெரிக்கனுக்கு மாக்சின் ஹாங் கிங்ஸ்டன், இதுங்களுக்கு இந்த படில பேரு தெரிஞ்சா போதும், புக்கு பின்னாடி படிக்கலாம்.

படி 9: எந்த வரிசைல படிக்கிறது

ஒரு நோட்டு எடுங்க, ஒரு மூவ்மென்ட்டுக்கு ஒரு பக்கம், மேல சொன்ன மூணு கேள்வி மட்டும். டெஃபனிஷன கடைசியா உங்க வார்த்தைல எழுதுங்க. மோபி டிக்ல ஆரம்பிக்காதீங்க, நான் அப்படி ஆரம்பிச்சு நூறாவது பக்கத்துல ஒரு வருஷம் நின்னேன். பிராட்ஸ்ட்ரீட் கவிதை, பவுண்டோட ரெண்டு வரி, ஹெமிங்வே கதை, லண்டன் கதை, ஹியூஸ் கட்டுரை, இது அஞ்சும் ஒரு வாரத்துக்குள்ள முடியும். அப்புறம் டக்ளஸ், அது நூத்துச் சொச்சம் பக்கம் தான். வால்டன்ல முதல் அத்தியாயமும் குளிர்காலக் குளம் பத்தின அத்தியாயமும். அதுக்கப்புறம் ஹக் ஃபின், ஹர்ஸ்டன், பிலவ்ட்.

டிக்கின்சன் வாங்கும்போது மட்டும் கொஞ்சம் பாத்து வாங்குங்க. 1890ல முதல்ல அச்சுப் போட்டவங்க டிக்கின்சன் வரிக்கு நடுவுல போட்ட கோடுகள (டேஷ்) எல்லாம் எடுத்துட்டு, ரைம சரி பண்ணி, தலைப்பு வேற வச்சிட்டாங்க, 1955ல தாமஸ் ஜான்சன் பதிப்புல தான் அதெல்லாம் திரும்ப வந்துச்சு. நெட்ல ஃப்ரீயா கிடைக்கிறதும் மலிவு மறுபதிப்பும் பெரும்பாலும் பழசு. கடைல ஒரு பக்கத்த திறந்து பாருங்க, வரிக்கு நடுவுல கோடு கோடா இல்லாம, மேல அழகா ஒரு தலைப்பு இருந்துச்சுன்னா அப்படியே ஷெல்ஃப்ல வச்சிடுங்க.